ஏலக்காரி ஆர்டெல்லா சட்டசபைக்குப் போன கதை

ஆர்டெல்லா வென்ட்ஸ் வாயைத் திறந்தால் நோஞ்சான் கன்றுக்கும் விலை ஏறும் என்று ஓல்டன்ஃபெல்ட் வட்டாரத்தில் சொல்வார்கள். வியாழக்கிழமைதோறும் மாட்டு ஏலக் கொட்டகையில், உயரமான நாற்காலியில் உட்கார்ந்து அவள் மைக்கைப் பிடித்தால் வார்த்தைகள் தகரக் கூரைமேல் ஆலங்கட்டி விழுவது போல விழும். டகோட்டா சமவெளியின் நாலு திசையிலிருந்தும் வண்டி கட்டி வருகிற பண்ணைக்காரர்கள், மாடு வாங்காத வாரத்திலும் அந்தக் குரலைக் கேட்க வந்து உட்கார்ந்திருப்பதுண்டு.

அந்த வாய்க்குச் சொந்தக்காரிக்கு ஐந்து வயதில் தன் பெயரைச் சொல்ல வராது. 'ஆ'வில் நின்றுவிடும். தாடை இறுகும், கண் மேலே போகும், எதிரே நிற்பவர்கள் பாவம் என்று அந்தப் பெயரைத் தாங்களே சொல்லி முடிப்பார்கள். அப்போது பள்ளிக்கூடத்துக்கு வாரம் ஒருநாள் மிஸ் தோர்சன் என்ற பேச்சுப் பயிற்சியாளர் வருவார். படிக்கட்டுக்கு அடியில் துடைப்பம் வைக்கிற அறைதான் அவருக்கு ஒதுக்கிய இடம். அங்கே ஆர்டெல்லாவும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் மூச்சு விடவும், அவசரப்படாமல் ஒரு சொல்லுக்குள் இறங்கவும் பழகினார்கள். இரண்டு குளிர்காலம் அது நடந்தது. மூன்றாவது வருடம் அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. ஆர்டெல்லா வழக்கம்போல அந்த அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் வகுப்பாசிரியை தேடிக்கொண்டு வந்து கூட்டிப் போனார்.

அதற்குப் பிறகு அவளுக்கு வழி காட்டியது மாட்டுக் கொட்டகைதான். கொட்டகை அவள் அப்பா எமிலுடையது. ஏலம் கூறுகிறவன் மாதிரி ராகம் போட்டுக் கன்றுகளுக்கு முன்னால் அவள் கத்திப் பார்த்தாள். ஒரு சொல்கூட மாட்டிக்கொள்ளவில்லை. பேசினால் நிற்கிற நாக்கு, தாளத்தில் ஏறினால் நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. பத்தொன்பது வயதில் ஒரு வியாழக்கிழமை, ஏலக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். எமில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, மகள் ஏறி மைக்கை எடுத்தாள். அன்றைக்கு எமில் சாய்ந்தரம்வரை கொட்டகைக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றதாகவும், அவர் கண் துடைத்ததைப் பார்த்ததாகவும் ஊரில் இரண்டு மூன்று பேர் சொல்வார்கள்.

மேடையை விட்டு இறங்கினால் பழைய கதைதான். ஆனால் ஒளித்து வைக்கக் கற்றுக்கொண்டாள். ஒரு சொல் வரப்போவதில்லை என்று தெரிந்தால் பக்கத்துச் சொல்லைப் பிடித்துக்கொள்வாள். வாக்கியத்தைச் சின்னதாக வெட்டுவாள். நாய்க்குப் பெயர் வைக்கும்போதுகூட நாக்குக்குச் சுலபமாக வருகிற பெயராகப் பார்த்து வைத்தாள். தொலைபேசி அடித்தால் கணவன் கர்ட் எடுப்பான். 'ஆர்டெல்லா மாடு விக்கத்தான் வாயைத் திறப்பா, மத்த நேரம் அழுத்தக்காரி' என்று ஊர் முடிவு செய்துகொண்டது. அந்தப் பெயர் அவளுக்கு வசதியாகவே இருந்தது.

பள்ளிக் குழுவுக்கு அவள் வந்ததும் அவள் தேடிப் போனது அல்ல. ஒரு தேர்தலில் ஓர் இடத்துக்கு யாருமே நிற்கவில்லை. ஓட்டுச் சீட்டில் இருந்த காலி வரியில் ஊர்க்காரர்கள் அவள் பெயரை எழுதிப் போட்டுவிட்டார்கள். சம்பளம் இல்லாத வேலை, மாதம் ஒரு கூட்டம். சரி என்று தலையாட்டினாள். அதன்பிறகு அவளை யாரும் விடவில்லை.

சட்டசபை கூடப்போகிற குளிர்காலத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில், எங்கள் கல்வி மாவட்டம் தலைநகரிடம் என்ன கேட்பது என்று பள்ளிக் குழு முடிவு செய்யும். முடிவு செய்யும் என்பது பேச்சுக்குத்தான். போன தடவை கேட்டதோடு புதிதாக ஒன்றோ இரண்டோ சேர்ப்பார்கள், எதையும் எடுப்பதில்லை. எடுத்தால் யாருக்காவது கோபம் வரும். அப்படி வளர்ந்து வளர்ந்து அது கல்யாணச் சாமான் பட்டியல் போல நீண்டு கிடந்தது. அந்த வருடம் நூலகத்தில் கூட்டம். சோளம் அறுவடை நடந்துகொண்டிருந்ததால் பாதிப் பேர் உடம்பில் சருகோடு வந்திருந்தார்கள். மேசையில் காப்பியும், யாரோ சுட்டுக் கொண்டுவந்த பூசணிக் கேக்கும் இருந்தன.

கண்காணிப்பாளர் நோரா லிண்ட்வால் பட்டியலைப் படித்தாள். மாவட்டத்தின் தலைமை அதிகாரி அவள்தான். கணக்கு வாத்தியார் வராத நாளில் கணக்கும் எடுப்பாள், ஓட்டுநர் வராத நாளில் பேருந்தும் ஓட்டுவாள். அவள் படித்து முடிப்பதற்குள் குழுவில் ஒருவருக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

ஆர்டெல்லா சொன்னாள்: "கொட்டகைக்குள்ள எல்லா மாட்டையும் ஒரே நேரத்துல விட்டா ஒருத்தனும் கை தூக்க மாட்டான். ஒண்ணை விடு. அது வித்தப்புறம் அடுத்தது."

யாரும் மறுக்கவில்லை. எது அந்த ஒன்று என்பதில்தான் சண்டை.

பொதுமக்கள் பேசுகிற நேரத்தில் கெய்லா ரிட்டர் எழுந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிற இளம்பெண். சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தாள். அவள் மகள் பிரின் மழலையர் வகுப்பில் இருக்கிறாள். சொல் திக்குகிறது. அந்தப் பிள்ளைக்கு வாரம் இரண்டு முறை பேச்சுப் பயிற்சி தர வேண்டும் என்று பள்ளியே சோதித்து ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் பயிற்சியாளர் இல்லை. விளம்பரம் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தும் இந்தக் காட்டுக்கு யாரும் வரவில்லை. கணினித் திரை வழியாக ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். திரையில் முகம் தெரிந்ததும் பிரின் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். இதையெல்லாம் கெய்லா அழாமல் சொன்னாள். கடைசியில் இதைச் சொன்னாள்.

"இப்ப அவ பேசறதையே விட்டுட்டா. தண்ணி வேணும்னா கையக் காட்டறா. டீச்சர் ரொம்ப அமைதியான பொண்ணுன்னு பாராட்டறாங்க. அவ அமைதியான பொண்ணு இல்லீங்க. வீட்டுல பூனைகிட்ட வாய் ஓயாம பேசுவா."

ஆர்டெல்லாவின் கையிலிருந்த காப்பி ஆறிப்போயிற்று. துடைப்ப அறையும் அந்த நாற்காலியும் அவள் கண்முன் வந்து நின்றன.

அன்று அவள் கேட்டது இதுதான்: அக்கம்பக்கத்துக் கல்வி மாவட்டங்கள் சேர்ந்து ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொள்ள மாநிலம் சட்டம் போட வேண்டும். ஊர் ஊராக அவர் வண்டி ஓட்டுகிற நேரத்தையும் வேலை நேரமாக ஏற்க வேண்டும். இப்படி வந்து சில வருடம் தங்குகிறவர்களின் படிப்புக் கடனில் ஒரு பங்கை மாநிலம் ஏற்க வேண்டும். நோரா ஏற்கெனவே பக்கத்து இரண்டு மாவட்டங்களோடு பேசி வைத்திருந்தாள். இது பட்டியலில் எங்கோ அடியில் கிடந்த விஷயம்தான்.

எதிர்த்தவன் குழு உறுப்பினன் டுவைட் கோரிங். மாவட்டத்தின் வடகோடியில் பண்ணை வைத்திருப்பவன், ஆர்டெல்லாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். அவன் பக்கத்துப் பிள்ளைகள் விடியுமுன் பேருந்து ஏறி, இருட்டின பிறகு இறங்குகிறார்கள். பேருந்து வழித்தடத்துக்கு மாநிலம் உதவ வேண்டும் என்று அவன் பல காலமாகக் கேட்டு வருகிறான். அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

"பஸ்ஸுல எத்தனை பசங்க, திக்கறது எத்தனை பசங்க? எண்ணிப் பாரு" என்றான். பிறகு, சொல்லியிருக்க வேண்டாத ஒன்றைச் சொன்னான். "இது பள்ளிக்கூடத்துக்காகக் கேக்கறது இல்ல ஆர்டெல்லா. உனக்காக நீ கேக்கறது."

குழுவில் மற்றவர்களுக்கு அவன் என்ன சொல்கிறான் என்று புரியவில்லை. ஆர்டெல்லாவுக்கு முகம் சூடேறியது. மறுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மறுத்தால் கெய்லா முகத்தைப் பார்க்க முடியாது.

"ஆமா. அதனாலதான் எனக்குத் தெரியும்" என்றாள்.

ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அவள் கேட்டது தேறியது. டுவைட் தொப்பியை எடுத்துக்கொண்டு கேக்கைத் தொடாமல் போனான்.

ஜனவரியில் சட்டசபையின் கல்விக் குழு, அந்தக் கோரிக்கையை வைத்து எழுதிய மசோதாவை விசாரணைக்கு எடுத்தது. குழுத் தலைவர் செனட்டர் ரோலண்ட் ஹேகன், மாடு வளர்ப்பவர். முப்பது வருடமாக ஆர்டெல்லாவின் ஏலத்தில் மாடு விற்றவர். அது நல்லதா கெட்டதா என்று நோராவுக்குச் சந்தேகம். ஆர்டெல்லாவுக்கு அந்தக் கவலை இல்லை. பேச வேண்டியதை எழுதி, அதை ஏல ராகத்தில் போட்டு, கன்றுகளுக்கு முன்னால் பத்து நாளாகப் பாடிப் பழகியிருந்தாள். பனி மூடிய சாலையில் நோரா வண்டியை உருட்ட, பின் இருக்கையில் கெய்லா மடியில் கைகோத்து உட்கார்ந்திருக்க, ஆர்டெல்லா ஒருமுறை முழுதாகப் பாடிக் காட்டினாள். நோரா சிரித்த சிரிப்பில் வண்டி ஓரம் போய்த் திரும்பியது.

"இதக் கேட்டா ரோலண்ட் கைய தூக்கிடுவாரு" என்றாள் நோரா.

"தூக்கணும். அதுக்குத்தான்" என்றாள் ஆர்டெல்லா.

விசாரணை அறையில் கூட்டம். பெரிய சங்கங்களின் ஆட்கள் கோட்டும் டையுமாக முன்வரிசையில் இருந்தார்கள். பேசுவோர் அதிகம் என்பதால் தலைக்கு இரண்டு நிமிடம் என்று ஹேகன் அறிவித்தார். ஆர்டெல்லாவைப் பார்த்ததும் கண்ணாடிக்கு மேலாகச் சிரித்தார். "நம்ம ஆர்டெல்லாவுக்கு ரெண்டு நிமிஷம் ரொம்ப ஜாஸ்தி. அதுக்குள்ள இந்தக் கட்டடத்தையே வித்துடுவா." அறை சிரித்தது. அவளும் சிரித்தாள். எல்லாம் நினைத்தபடிதான் போய்க்கொண்டிருந்தது.

முதலில் கெய்லா பேசினாள். நூலகத்தில் சொன்னதையே சொன்னாள், நன்றாகச் சொன்னாள். முடித்ததும் குழு உறுப்பினர் ஒருவர், கெட்ட எண்ணம் இல்லாத, வெள்ளைத் தாடிக்காரர், குனிந்து கேட்டார்.

"ஏம்மா, குழந்தைக்கு அஞ்சு வயசுதானே? எங்க பேரனுக்கும் இருந்துச்சு. ஒண்ணும் பண்ணல, தானா போயிடுச்சு. வளந்தா சரியாப் போயிடாதா?"

சில பிள்ளைகளுக்குப் போய்விடும் என்பதும் உண்மைதானே. தன் பிள்ளைக்குப் போகுமா போகாதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? "தெரியலீங்க" என்று சொல்லிவிட்டுத் தோற்றவள் போல வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த பெயர் ஆர்டெல்லாவுடையது.

மேசைக்கு நடந்து போகிற அந்தச் சின்னத் தூரத்தில் அவள் மனதில் ராகம் தயாராகவே இருந்தது. மூச்சை இழுத்துவிட்டால் போதும், தானாக ஓடும். ஆனால் அந்த ராகத்தில் ஓடுகிற வாயைப் பார்த்தால் தாடிக்காரர் என்ன நினைப்பார்? கெய்லாவிடம் அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையே. உட்கார்ந்து, எழுதி வந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள். ராகம் இல்லாமல், வேறு சொல் தேடாமல், தன் பெயரிலிருந்து தொடங்கினாள்.

"எ... என் பேரு ஆ... ஆ..."

அங்கே நின்றுவிட்டது. தாடை இறுகியது. அவள் கண்ணை மூடவில்லை. அறையில் யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டார்கள், இது ஏதோ வேடிக்கை என்று நினைத்து. ஹேகனின் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது. உதவி செய்கிற நினைப்பில் அவர் "ஆர்டெல்லா வென்ட்ஸ்" என்று எடுத்துக் கொடுத்தார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். பிறகு தானே சொன்னாள்.

"ஆ... ஆர்டெல்லா வென்ட்ஸ். அந்தப் பொண்ணுக்கு இருக்கறது எனக்கும் இருந்துச்சு. ப... பள்ளிக்கூடத்துல ஒருத்தங்க வந்து சொல்லிக் குடுத்தாங்க. நிறுத்திட்டாங்க. வ... வ... வளந்தா போயிடும்னு எங்க அப்பாகிட்டயும் சொன்னாங்க."

தாடிக்காரரைப் பார்த்தாள்.

"நான் வளந்துட்டேன். அது போகல."

சிவப்பு விளக்கு எரிந்தது. அவளுடைய நேரம் முடிந்துவிட்டது. மசோதாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவள் இன்னும் சொல்லவில்லை. நோரா பின்னால் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹேகன் கைநீட்டி அந்த விளக்கை அணைத்தார். "நீ சொல்லு. எங்களுக்கு அவசரம் இல்ல" என்றார்.

அவள் சொன்னாள். மூன்று மாவட்டம், ஒரு ஆள், வண்டியில் போகிற நேரம், படிப்புக் கடன். திக்கியும் நின்றும், எதையும் விடாமல் சொன்னாள். பாதியில் ஓர் இடத்தில் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது: பயம் வரவில்லை. ஏலத்தில் கடைசிக் கைக்காக, மூன்றாம் தரம் சொல்லாமல் கொட்டகை முழுவதையும் நிறுத்தி வைப்பாளே, அது போலத்தான் இருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

நடைவழியில் ஹேகன் அவளைப் பிடித்தார். "முப்பது வருஷமா உன் கையில மாடு வித்திருக்கேன். எனக்கு ஒரு வார்த்தை தெரியாதே" என்றார், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

"மாடு விக்க அது தேவைப்படல ரோலண்ட்."

விசாரணையை இணையத்தில் ஊரே பார்த்திருந்தது. அடுத்த வியாழக்கிழமை கொட்டகைக்குள் அவள் நுழைந்தபோது சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். சிற்றுண்டிக் கூடத்துக்காரி அவளுக்கு மாவுருண்டை சூப்பை இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினாள். முதல் காளை உள்ளே வந்தது. அவள் ராகத்தைத் தொடங்கினாள். ஒருவரும் கை தூக்கவில்லை; அவள் திக்கிவிடுவாளோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்டெல்லாவுக்குப் பொறுக்கவில்லை. சுத்தியலால் மேசையில் ஒன்று வைத்தாள்.

"யாராவது செத்துட்டாங்களா இங்க? காளையப் பாருங்கய்யா, என்னை என்ன பாக்கறீங்க. நான் விலைக்கு வரல."

கொட்டகை வெடித்துச் சிரித்தது. கைகள் எழுந்தன. அந்தக் காளை அதன் தகுதிக்கு மேலாகவே போயிற்று.

மசோதா முழுதாகத் தேறவில்லை. படிப்புக் கடன் பகுதியை வெட்டிவிட்டார்கள். வெள்ளைத் தாடிக்காரர் எதிர்த்தே ஓட்டுப் போட்டார். போட்டுவிட்டு, ஆர்டெல்லாவுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். மாவட்டங்கள் சேர்ந்து ஆள் வைப்பதும், பயண நேரம் வேலை நேரமாவதும் சட்டமாயின. வசந்தத்தில் மூன்று மாவட்டமும் சேர்ந்து விளம்பரம் கொடுத்தன. ஒரே ஒருத்தி விண்ணப்பித்தாள், மின்னசோட்டாக்காரி, படிப்பை அப்போதுதான் முடித்தவள், இங்ரித் சோல்பெர்க் என்று பெயர். ஒருத்தி போதும் என்றாள் நோரா.

பிரின் இப்போது இரண்டாம் வகுப்பு. திக்கல் போய்விடவில்லை. ஆனால் தண்ணீர் வேண்டும் என்றால் வாயைத் திறந்து கேட்கிறாள், நேரம் எடுத்துக்கொண்டு. தோழிகளோடு சண்டையும் போடுகிறாள். போன மாதம் வகுப்பில் அதிகம் பேசியதற்காகத் தனியாக உட்கார வைத்தார்களாம். கெய்லா அதைக் கொட்டகைக்கே வந்து, ஏலம் முடியும்வரை காத்திருந்து, ஆர்டெல்லாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த சட்டசபைக் காலத்துக்கு மாவட்டம் பேருந்து வழித்தடத்தையே முன்வைத்தது. அதற்காக முதலில் கை தூக்கியது ஆர்டெல்லா. டுவைட் நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. இந்த ஊரில் ஆண்கள் அதையெல்லாம் வாயால் செய்வதில்லை. விசாரணைக்கு அவளைத் தன் வண்டியில் கூட்டிப் போனான். வழியெல்லாம் கோதுமை விலையைப் பற்றிப் பேசினான்.

அவளுக்கு ஒரே ஒரு மாற்றம்தான். தொலைபேசியை இப்போது அவளே எடுக்கிறாள். சொல்லை மாற்றிப் பிடிப்பதை விட்டுவிட்டாள். நினைத்த சொல்லையே, அது வரும்வரை நின்று சொல்கிறாள். அதனால் பள்ளிக் குழுக் கூட்டங்கள் முன்பைவிட நீளமாகப் போகின்றன. அவளுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்திருக்கிறது என்று எல்லோருக்கும் இப்போதுதான் தெரிகிறது. டுவைட் மட்டும் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்பான். அவள் காதில் விழுந்தாலும், எடுத்த வாக்கியத்தை முடிக்காமல் விடமாட்டாள்.